அதே துணியின் துண்டு

தையல்கார அக்காவின் வாய்க்குப் பயந்து, அவசரத் துணியோடு யாரும் அவர் கடைப்பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர் அன்று ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் வாயடைத்துப் போனார்.

கண்ணாடித் தட்டில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் அவரிடம் எடுத்த ரத்தத்திலிருந்து வளர்த்த இதயச் செல்களாம். தான் இங்கே நிற்க, தன் நெஞ்சு அங்கே தனியாக அடித்துக்கொண்டிருந்தது. சீராகத் துடித்துக்கொண்டே வந்த அது, திடீரென ஒரு துடிப்பைக் கோட்டைவிட்டது. அக்காவின் நெஞ்சும் வருஷக்கணக்காக இப்படித்தான் படுத்துகிறது.

"ஐயோ, இதுவும் தடுக்குதேம்மா!"

"உங்க செல்லாச்சே அக்கா," என்று சிரித்தாள் ஆராய்ச்சி செய்யும் பெண். "புது மருந்தை முதல்ல இதுக்குக் கொடுத்துப் பார்ப்போம். இதுக்கு ஒத்துக்கிட்டாதான் உங்களுக்கு."

அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. நல்ல துணியில் கை வைக்குமுன், அதே துணியின் வெட்டுத்துண்டில் தையல் ஓட்டிப் பார்ப்பவர் அவர். வேறு துணியில் பார்த்தால் நூலின் இறுக்கம் தப்பிவிடும். ஓட்டிப் பார்த்த துண்டு நேரே குப்பைக்கூடைக்குப் போகும்.

"பார்த்து முடிச்சப்புறம் இதை என்னம்மா பண்ணுவீங்க?"

அந்தப் பெண்ணின் பார்வை மேஜைக்கடியில் இருந்த கழிவுக்கூடைக்குப் போனது.

அக்கா மறுபடி குனிந்தார். அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை பேசியறியாதவர், மெல்லிய குரலில் சொன்னார்:

"மெதுவாடி என் கண்ணு... மெதுவா."