தொட்டி நிறையாத கோடை

மாரி முடிந்ததும் ஒரு நீச்சல் தடாகத்தைக் கோடைக்கு ஆயத்தப்படுத்துவதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. பழைய தண்ணீரை இறக்கி, சேற்றை அள்ளி, பாசியைத் தேய்த்தெடுக்க வேண்டும். வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, அது இறுகும்வரை ஈரச்சாக்குப் போட்டு வைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு. கடைசியில்தான் தண்ணீர். இந்த வரிசையைப் பிசகாமல் பின்பற்றியே ஒரு கல்யாணத்தை நிறுத்தலாம். அதைக் கண்ணால் கண்டவன் நான்; கண்டது என்னவென்றுதான் அப்போது தெரியாது.

அப்பா துறைமுகத்தில் தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். எங்களுக்குக் கிடைத்த குவாட்டர்ஸ் ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவரின் பங்களா. அவர் போகும்போது தூக்கிப்போக முடியாமல் விட்டுப்போனது பின்வளவில் இருந்த கொங்கிரீட் பள்ளம். அரசாங்கத் தமிழில் அது நீச்சல் தடாகம். எங்கள் வாயில் தொட்டி.

அந்த வருடம் பெரியப்பா, எங்களோடு இருந்த மாமிக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, ஒரு மாப்பிள்ளை பார்த்தார். கப்பலில் என்ஜினியர், லீவில் கொழும்புக்கு வந்திருந்தார். எங்கள் தொட்டியைப் பற்றிப் பெரியப்பா அளந்த அளப்பில், அது நிறைந்ததும் குடும்பத்தோடு வந்து தங்கி, கையோடு சம்பந்தத்தையும் முடித்துக்கொண்டு போவதாக மாப்பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டார். கடலில் குளித்தால் அவருக்குத் தலைமயிர் கொட்டுமாம்.

"எனக்கு இது ஏலாது, பெரியண்ணை" என்றார் மாமி.

"பொம்பிளைப் பிள்ளையள் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் பெரியப்பா.

அதன்பிறகு மாமி அந்தக் கதையை எடுக்கவில்லை. தொட்டி வேலையைத் தானே பார்ப்பதாக மட்டும் சொன்னார். பெரியப்பாவுக்குப் பரம சந்தோசம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏணியில் இறங்கி நானும் மாமியோடு தொட்டியின் அடியில் இருப்பேன். கச்சான் காற்று எங்களைத் தொடாமல் தலைக்கு மேலால் போகும். சுற்றிவர வெள்ளைச் சுவர். மேலே வெட்டி வைத்ததுபோல் ஒரு துண்டு நீலம். வேப்பம்பூக்கள் அவசரமில்லாமல் இறங்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அந்த ஒலி காதால் வராது, உள்ளங்காலால் ஏறிவரும். சுண்ணாம்பின் வெண்மையில் கண் கூசும்போது, தண்ணீர் எப்போதோ நிறைந்துவிட்டது, நாங்கள் அதன் அடியில் இருந்து மூச்சு விடுகிறோம் என்று தோன்றும்.

"பார் மருமகன், மேல ஒரு திருக்கை போகுது" என்பார் மாமி, கையை மெதுவாக அலைத்துக்கொண்டு. நானும் பார்த்தேன். போனது.

வேலைதான் முடியவில்லை. சீமெந்து காயவில்லை. அது காய்ந்தால் சுண்ணாம்பு செதில் செதிலாக உரிந்தது. உரிந்ததைச் சுரண்டினால் கீழே பாசி. பெரியப்பா பின்னேரங்களில் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து விளிம்பில் நின்று கத்துவார்.

"என்ன பிள்ளை, துறைமுகத்துக்கு இன்னொரு இறங்குதுறையோ கட்டுறாய்?"

"அவசரப்பட்டா ஒழுகும், பெரியண்ணை. பிறகு வாற சனம் சேத்துக்குள்ளதான் குளிக்க வேணும்."

பிற்காலத்தில் அரச சேவையில் நானும் எத்தனையோ கோப்புகளைத் தாமதப்படுத்தியிருக்கிறேன். அந்த நேர்த்தி எனக்கு வாய்க்கவில்லை.

ஒருநாள் நான் இறங்கியபோது, அடைத்து இறுகிய வெடிப்பொன்றை மாமி சீமெந்து பூசும் கரண்டியின் காம்பால் கிளறிக்கொண்டிருந்தார். "சோதிச்சுப் பாக்கிறன்" என்றார். அந்த நேரம் பார்த்து அப்பாவும் ஏணியில் இறங்கி வந்தார். இரும்புத் தாங்கியில் காதை வைத்தே ஒழுக்கு எங்கே என்று சொல்லக்கூடியவர் அவர். குந்தி இருந்து வெடிப்பை விரலால் தடவினார். விரல்நுனியில் ஒட்டிய புதுத்தூளைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். மாமி மேலே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் தங்கச்சி" என்றார் அப்பா. "இதைத் திரும்பப் பூசத்தான் வேணும்."

எங்கள் குடும்பத்தின் கவனத்தை நினைத்து நான் பெருமைப்பட்டேன்.

மாப்பிள்ளையின் லீவு முடிந்தது. அவர் கப்பலேறிய செய்தியோடு வந்த பெரியப்பா, சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே விழவிட்டார்.

"துறைமுகத் தண்ணி முழுக்க உன்ர பொறுப்பெண்டு சொல்லித் திரியிறாய். சொந்த வீட்டில ஒரு தொட்டியை நிரப்ப ஏலாது! என்னடா வேலை தெரியும் உனக்கு?"

அப்பாவின் கீழ் வேலை செய்பவர்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய துரைமாரையே ஒரு சொல்லில் வாயடைக்கச் செய்பவர் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.

"ஓம் அண்ணை" என்றார் அப்பா. "எனக்கு இந்த வேலை சரியாத் தெரியாது."

மறுநாளே பம்ப் ஓடியது. தண்ணீர் ஏறி நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் இறங்க மாட்டேன் என்றுவிட்டேன். வேலை தெரியாத ஒருவரின் மகன் என்ற வெட்கம் எனக்கு. மாமிதான் உடுத்த சேலையோடு முதலில் இறங்கி, மல்லாந்து வெகுநேரம் மிதந்தார். அப்பா விளிம்பில் இருந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். மாமி நீந்தி வந்து, அவருடைய முழங்காலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

நீந்திக் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.