இரட்டைக் கார்புரேட்டர்

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காரின் கார்புரேட்டர் வாயருகே பிடித்துக்கொண்டு மறுமுனையைக் காதில் வைத்தால், உள்ளே "உஸ்ஸ்" என்று காற்று இழுபடும் சத்தம் கேட்கும். எனக்குப் பத்து வயதில், திருச்சியில் எங்கள் வீட்டு வாசலில், அப்பா என்னை அப்படிக் கேட்கவைப்பார்; இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை. இரண்டும் ஒன்றுபோல இருப்பதாக நான் தலையாட்டும்வரை திருகாணியைத் திருகிக்கொண்டே இருப்பார்.

அது இங்கிலாந்தில் செய்த கார், துணிக்கூரை போட்டது, இரண்டே பேர் உட்காரலாம். சொந்தக்காரர்களும் இரண்டு பேர்தான். ஒருவர் கல்லூரியில் இயற்பியல் நடத்திய என் அப்பா, மற்றவர் அதே கல்லூரியில் கணக்கு நடத்திய ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் மாமா. ஊரை விட்டுப் போன ஓர் என்ஜினியரிடமிருந்து சேர்ந்து வாங்கியிருந்தார்கள். சனிக்கிழமை அது பெருமாள் சேவிக்கப் போகும், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சர்ச்சுக்குப் பூசைக்கு வரும். இரண்டு மதத்துக்கும் பொதுவாக அது காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுபோகும்.

காரணம் அந்த இரட்டைக் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற உறுப்பு மற்ற கார்களில் ஒன்றே ஒன்று இருக்க, எங்கள் காரில் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் அப்பா "கும்பா" என்று சொல்லும் ஒரு மூடியும், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனும். ஒன்று கொஞ்சம் பிசகினாலும் கார் இருமும். இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளூர்க் காரின் ஒற்றைக் கார்புரேட்டரை மாட்டிவிடலாம் என்றார் மாமா. "சொன்னாக் கேளு ஆரோக்கியம், இது ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடு." அப்பா விடவில்லை. "ஒத்தையை மாட்டினா அது கார் இல்ல ரங்கா, மாவு மெஷின்."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அப்பா இன்னும் ஒரே ஒரு தடவை இரட்டையைச் சரிசெய்வது, மாமா அதை ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய்த் திரும்புவது, நிற்காமல் வந்தால் இரட்டை, நின்றால் ஒற்றை. அப்பாவின் மானமே அதில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை, எல்லாவற்றையும் கழற்றி செய்தித்தாளில் இடது ஒரு வரிசை, வலது ஒரு வரிசை என்று பரப்பிவிட்டு, மண்ணெண்ணெய் வாங்கப் போனார் அப்பா. சனிக்கிழமைதோறும் எங்கள் சர்ச்சின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளை அம்மாவும் நானும்தான் துலக்குவோம். அன்று பின்கட்டில் அவை பளபளவென்று காய்ந்துகொண்டிருக்க, மிச்சப் புளியும் செங்கல் பொடியும் என் கையில் இருந்தன. வாசலில் கிடந்த கும்பாக்கள் மங்கிப்போய்க் கிடந்தன. அப்பாவுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்து, கழுவித் துடைத்து, எது இடது எது வலது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மாமா வந்தார். அப்பாவுக்காக வாசலில் அரைமணி நேரம் தனியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அப்பா வந்து பூட்டியபோது பிஸ்டன் பாதியில் சிக்கிக்கொண்டது. மயிரிழை பிசகக்கூடாத இடத்தில் செங்கல் பொடி கோடு கோடாகக் கீறியிருந்தது. யார் வந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டார், அம்மா சொன்னார். சாயங்காலம் சவாரிக்கு வந்த மாமாவிடம், வாசலில் நிற்கவைத்தே, "நீதான் தேய்ச்சுக் கெடுத்திருக்க" என்றார் அப்பா. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாமா என்னையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார், "சரி, ஆரோக்கியம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவே இல்லை. கல்லூரியிலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காரை யாருக்கோ தள்ளிவிட்டார்கள்.

போன மாதம் மாமா தவறிப்போன செய்தி வந்தது. எண்பதைத் தாண்டிய அப்பாவிடம் அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று தேய்த்தது நான்தான் என்று முதல்முறையாகச் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார் அப்பா. "கும்பாக்குள்ள புளி நார் ஒட்டியிருந்துச்சு. ரங்கனா புளி போட்டுத் தேய்ப்பான்?"

பிறகு எதற்கு அவர்மேல் பழி போட்டீர்கள் என்று கேட்டேன். தினசரியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "நீ தொடுறதுக்கு முன்னாடியே ரெண்டும் தேஞ்சுபோயிருந்துச்சு. அவன் சொன்ன ஒத்தைதான் சரி. தோத்துட்டேன்னு சொல்றதைவிட, அவன் கெடுத்துட்டான்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

என் அப்பாவா இப்படி என்று இன்னும் எனக்கு ஆறவில்லை. கார் எந்த ஊரில் துருப்பிடித்துக் கிடக்கிறதோ, தெரியாது. ஸ்ரீரங்கத்தில் மாமா வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. கோபத்தில் நான் எழுந்தபோது அப்பா மெதுவாக, "நீயாவது போய்ச் சொல்லியிருக்கலாம்" என்றார். அப்போது எனக்குப் பத்து வயது என்று கத்தினேன். பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், இங்கிருந்து கால்மணி நேர பஸ். இருபது வயதிலும் நான் போகவில்லை, நாற்பது வயதிலும் போகவில்லை.