ஹாரன் அடிக்காத பேருந்து

இன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் பத்து வயது மகளும் இருந்தார்கள். சிறுமிக்கு ஆட்டிசம். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

அவர்கள் பக்கத்தில் விபூதிப் பட்டையோடு ஒரு பெரிய அம்மா. "பௌர்ணமிக்கு மலைய சுத்தும்மா, சரியாயிடும்" என்றார்.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கம்மா. அங்க உபவாசம் இருன்றாங்க. என் டிப்ரஷனுக்கு மாத்திரை போட்டா விசுவாசம் கம்மின்றாங்க. மாத்திரை போட்டாதாம்மா எனக்கு ஜெபம் பண்ணவே முடியுது." தாய் சிரித்தார். "எல்லாரும் வழி சொல்றாங்க. செத்த நேரம் இவள நான் பாத்துக்கறேன், நீ கண்ண மூடுன்னு யாரும் சொல்லல."

பெரிய அம்மா கண்ணாடி வளையல் போட்ட கையைச் சிறுமியிடம் நீட்டினார். அவள் வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினாள். தாய் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனார்.

"உங்க ஸ்டாப்பிங் போயிடுச்சேம்மா!" என்றார் நடத்துநர், பெரிய அம்மாவிடம்.

"கத்தாதய்யா. இவ அம்மா இப்பதான் தூங்குது. பஸ் ஸ்டாண்டுலயே எறங்கிக்கறேன். ஹாரன் அடிக்க வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லு."

நடத்துநர் போய்ச் சொன்னார். பேருந்து நிலையம் வரை ஹாரன் சத்தமே இல்லை.

இந்த அற்புதத்தை எந்த மதத்தின் கணக்கில் சேர்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.