இடது பக்கத்து பிரேக்

நீங்கள் சிரிக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஜின் இருக்கிறது என்பது எங்கள் நம்பிக்கை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜின் வேறு வேலையில்லாமல் மாத்தளையில் தானாகவே கியர் மாறுகிற ஒரு ஒட்டோ காரின் கியர்பொக்ஸுக்குள் வந்து உட்கார்ந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன். இருபத்திரண்டு வருடமாகக் கியர்பொக்ஸ் பார்க்கிறேன். கார் நடுங்கினால் காரணம் இருக்கும், ஒயில் கெட்டிருக்கும், வால்வு அடைத்திருக்கும், மவுண்டிங் தேய்ந்திருக்கும், தேடினால் கிடைக்கும், அவ்வளவுதான். அதோடு இது இருட்டில் நடந்ததும் இல்லை. நல்ல வெயில், ரோடு நிறைய மரக்கறி லொறி.

ஜெசிந்தா மிஸ் பலாபத்வலையில் இருப்பவர், தம்புள்ளையில் ஆஸ்பத்திரி நர்ஸ். வருடக்கணக்காக பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து முழங்கால் விட்டுப்போனபின் ஒரு பழைய ஒட்டோ கார் வாங்கினார். வாங்கிய மாதமே என் கராஜுக்கு வந்துவிட்டது. எக்ஸலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது, பிறகு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு போகிறது என்றார். இது நான் தினமும் கேட்கிற கதை. ஒயில் மாற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் அவரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரிப் போனது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். இந்தத் தடவை கியர்பொக்ஸைக் கழற்றி வால்வு எல்லாம் கழுவி, மவுண்டிங் மாற்றி, மறுபடி இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. பத்து நாளில் மறுபடி வந்தார். நம்புங்கள், அந்தக் கார் கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்தாலே எனக்கு முதுகு வலிக்கத் தொடங்கியது. அப்போது கராஜில் நான் தனி ஆள்.

மூன்றாம் தடவை அவர் காரை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். நாலந்தைக்குப் பக்கத்தில் ஒரு ட்ரக்டரை முந்தப் போனபோது கார் நடு ரோட்டில் தயங்கிவிட்டதாம், எதிரே லொறி.

"நானா, இன்னைக்கு நான் செத்திருப்பேன்," என்றார், அண்ணன் முறைக்கு என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். "எனக்குக் கத்தக்கூடத் தெம்பு இல்ல. ஒங்களால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. முடியாது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கே அவரைத் தம்புள்ளைப் பக்கமாக ஓட்டச் சொன்னேன். இடது பக்க சீட்டில் அவருடைய மருந்துப் பெட்டியும் குடையும் கிடந்ததால் நான் பின் சீட்டில், காரின் கோளாறு காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது ஒரு சின்னத் தற்செயல், ஆனால் அதனால்தான் விஷயம் வெளிவந்தது என்று பிறகு யோசிக்கும்போது தெரிந்தது. பலாபத்வலை தாண்டியதும் கார் நடுங்கியது. என் கண்ணாலேயே பார்த்தேன், ஸ்கேனரில் கியர்பொக்ஸ் கணக்கெல்லாம் சரி, ஒயில் சூடு சரி, ஒன்றே ஒன்றுதான் தப்பு. பிரேக் மிதிபடுகிறது என்று காட்டியது.

எக்ஸலரேட்டரும் பிரேக்கும் ஒன்றாக மிதிபட்டால் இந்தக் கார்கள் எஞ்ஜினைத் தாமாகவே அடக்கிவிடும். அந்தத் தயக்கம் அதுதான். நடுக்கம், ஓடுகிற சக்கரத்தை பிரேக் பிடிப்பதால். கியர்பொக்ஸில் எந்த நாளும் குறை இருந்ததில்லை. எனக்கு முதலில் ஆறுதல்தான். புதிதாக ஓட்டுகிறவர்கள் இடது காலை பிரேக்கில் வைத்துக்கொள்வது வழக்கம். ஓரமாக நிறுத்தச் சொல்லி, இடது காலை மடித்து சீட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள் மிஸ் என்றேன். அவர் அப்படியே செய்தார். நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக் கீழே பார்த்துக்கொண்டே வந்தேன்.

வலது கால் எக்ஸலரேட்டரில் இருக்கிறது. பக்கத்தில் பிரேக் பெடலில் ஒன்றும் இல்லை. அது ஒரு விரல் அளவு கீழே போனது. கார் நடுங்கியது. மறுபடி மேலே வந்தது.

நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ரோட்டில் கையை விட்டுவிடுவார் என்று பயம். திரும்பி வரும்போது பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு இடது சீட்டில் நான் உட்கார்ந்தேன், கராஜ் வரைக்கும் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. இடது சீட்டில் ஆள் இருந்தால் கார் ஒழுங்கு. காலியாக இருந்தால்தான் அது.

கராஜில் இடது பக்கக் கார்ப்பெட்டைக் கிழித்துப் பார்த்தேன். தகட்டில் நாலு போல்ட் ஓட்டை, ரப்பர் வைத்து அடைத்து பெயின்ட் பூசியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இது லேனர்ஸ் கார். ஓட்டப் பழக்குகிறவர் இடது பக்கம் உட்கார்ந்து மிதிக்க இன்னொரு பிரேக் பூட்டியிருப்பார்களே, அதைக் கழற்றி விற்றிருக்கிறார்கள். பெடலும் இல்லை, கம்பியும் இல்லை, மிதிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அப்போதுதான் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு காருக்குள்ளிருந்து அதன் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து பழைய சொந்தக்காரர்களின் பெயரைப் பார்த்தார். இரண்டு கை மாறியிருந்தது. முதல் பெயர் அந்தோனி, உக்குவளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். ஓட்டப் பழக்கிய அந்த அந்தோனி மாஸ்டர் செத்திருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு போனேன், உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இல்லை. உயிரோடு இருந்தார். பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கை, பேச்சு இல்லை, யாரையும் அடையாளம் தெரிவதில்லை. அவருடைய மனைவி பிலோமினா அக்கா எங்களை அறைக்குள் கூட்டிப் போனார். கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் ஒரு தலையணை கட்டியிருந்தது. ஏன் என்று மிஸ் கேட்டார்.

"அந்த வலது கால் மட்டும் ஒதைக்குதுங்க. பலகையில பட்டுப் பட்டுப் புண்ணாப் போச்சு," என்றார் அக்கா. "மத்த ஒடம்பு அசையிறதே இல்ல. இந்த ரெண்டு மாசமாத்தான் இப்படி. வெள்ளன ஆறு மணிக்கு ஆரம்பிக்கும், ஏழு மணிக்கு நின்னுரும். பொறகு பின்னேரம் நாலு மணிக்கு."

பாரிசவாதக்காரர்களுக்குக் கால் இழுப்பது உண்டுதான் அக்கா என்றார் மிஸ், நர்ஸ் அல்லவா. ஆனால் அந்த நேரம் அவருக்கே தெரிந்த நேரம். அவர் காலையில் ஆறு மணிக்குத்தான் வீட்டிலிருந்து கிளம்புவார், நாலு மணிக்குத்தான் தம்புள்ளையிலிருந்து திரும்புவார். எல்லா நாளுமா என்று கேட்டார். இல்லை, போன புதன்கிழமை முழுநாளும் அசையவில்லை, அதற்கு முந்தின புதன்கிழமையும் இல்லை என்றார் அக்கா. புதன்கிழமை மிஸ்ஸுக்கு லீவு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

மிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளியிடம் பேசுவது போலவே, சத்தம் போடாமல் பேசினார்.

"மாஸ்டர், ஒங்க காரு இப்ப எங்கிட்ட இருக்கு. நான் லைசன் எடுத்தவ. தனியாத்தான் போறேன், ஆனா பார்த்துப் போறேன். நீங்க களைச்சிட்டீங்க. கால எடுங்க."

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் தலையணையில் அழுந்தியிருந்த அந்தக் கால் தளர்ந்து பக்கவாட்டில் சரிந்தது. பிலோமினா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து கார் நடுங்கவில்லை. மிஸ் தனியாகப் போனார், வந்தார். எனக்கு அவ்வளவே போதும், மேற்கொண்டு தோண்டிப் பார்க்க விருப்பமில்லை. மூன்று மாதம் கழித்து மாஸ்டர் இறந்துபோனார், தூக்கத்திலேயே போய்விட்டாராம். அடக்கத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். ஒரு மனிதர் முப்பது வருடம் மற்றவர்கள் உயிரைக் காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பழக்கம் லேசில் விடாது, அவ்வளவுதான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல கதையாகவே உங்களிடம் சொல்லியிருப்பேன்.

அடக்கம் முடிந்து ஏழெட்டு வாரம் இருக்கும். பகல் சாப்பிட உட்காரும்போது மிஸ்ஸின் போன். அன்றைக்கு அரை நாள் டியூட்டி, திரும்பும் வழியில் நாவுலை தாண்டி நேர் ரோட்டில் கார் நின்றுவிட்டது, அசையவில்லை என்றார். சோற்றை மூடி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கார் தன் பாதையில் நேராக நின்றது. எஞ்ஜினை அணைத்துவிட்டு அவர் ஓரத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு காரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. நான் கதவைத் திறந்து முழந்தாளிட்டுப் பார்த்தேன். பிரேக் பெடல் அடிவரைக்கும் போயிருந்தது. கையைக் கொடுத்து மேலே இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். சிக்கிய பெடல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது கல் மாதிரி நிற்கும். இது அப்படி இல்லை. நான் இழுக்க இழுக்க அந்தப் பக்கம் யாரோ கூடக் கொஞ்சம் அழுத்தினார்கள்.

நான் எழுந்து மிஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இருவரும் காருக்கு முன்னால் இருந்த ரோட்டையே பார்த்தோம். ஒரு நாய்கூடக் கடக்கவில்லை, ஒரு காகம்கூட இறங்கவில்லை. திறந்த கதவு வழியே எனக்குப் பெடல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது மேலே எழுந்தது, திடீரென்று இல்லை, மெதுவாக, ரோட்டைக் கடக்கிறவர்களைப் போகவிட்டு, கடைசி ஆளும் கரையேறிவிட்டாரா என்று பார்த்துக் காலை எடுப்பது போல.

கார் அதன்பிறகு ஒழுங்காகத்தான் ஓடுகிறது. மிஸ் இன்றைக்கும் அதில்தான் போகிறார், பஸ்ஸில் போக அவருக்கு முழங்கால் இல்லை. ஆனால் கார் நின்ற நேரத்திலிருந்து பெடல் எழும்பும் வரைக்கும் நாற்பது நிமிடம். அந்த ரோட்டின் அகலம் இருபது, இருபத்தைந்து அடி. ஒரு ஆள் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வெயிலில் எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கடந்து போனார்கள் என்று நான் இன்னும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.