காவடி பூசையன்று உறுமிய கிட்டார் பெட்டி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே சில வருடங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். காரைக்குடியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். எழுத வராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இதைச் சொன்னால் முருகன் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று நானே சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்ற பயம்தான் பெரிது. திருநீறு பூசாமல் கடைக் கதவைத் திறக்காதவன் அப்படி எழுதலாமா என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டில்தான் காவடி பூசை செய்வார்கள். அதில் பாடுவது என் மனைவி. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அவள்தான் பாடினாள். தொண்டையில் கட்டி என்று மதுரையில் அறுத்து எடுத்த பிறகு குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். அந்த வருடம் பூசை நெருங்க நெருங்க அவள் சாமி அறைக்குள் விளக்கேற்றிவிட்டு உடனே வெளியே வந்துவிடுவாள். நின்று கும்பிட மாட்டாள்.

இதைப் பார்த்துத்தான், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், "அம்மா பாட்ட நான் கிட்டார்ல வாசிக்கிறேன்ப்பா" என்றாள். சம்பளத்தில் வாங்கிய கிட்டார் அது. கரண்ட் கிட்டார். அதற்கென்று உள்ள ஆம்ப்ளிஃபயர் பெட்டி இல்லாமல் கம்பியைத் தட்டினால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். தாயும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து பழகினார்கள். தாய் காற்றுக்குரலில் மெட்டைச் சொல்ல, மகள் கம்பியில் தேடிப் பிடித்தாள். சரியாக வந்தபோது என் மனைவி முகத்தை நான் பார்த்தேன். அந்தப் பாட்டு பூசையில் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் அப்போது வேறு எண்ணம் யாருக்கும் இல்லை.

பூசையன்று மத்தியானம் மைக் செட்டுக்காரர் வந்தார். தெருவுக்கும் கேட்கட்டும் என்று கிட்டார் பெட்டியிலிருந்து ஒரு வயர் இழுத்து மைக் செட்டில் சொருகினார். சொருகியதுதான் தாமதம், "ம்ம்ம்" என்று ஒரு உறுமல். நிற்கவே இல்லை. மகள் வாசித்த பாட்டு அதற்குள் மூழ்கிப் போனது.

காவடி கட்டுகிற பெரியவர் மயிலிறகைச் சொருகிக்கொண்டே, "என்னப்பா, பெட்டிக்குள்ள மாவு மில்ல வச்சுருக்கீகளா?" என்றார்.

"நீங்க இறகக் கட்டுங்க பெரியவரே, நான் இதக் கட்டுறேன்" என்றார் செட்டுக்காரர்.

டியூப் லைட்டை அணைத்துப் பார்த்தார். சீரியல் பல்பைப் பிடுங்கினார். மின்விசிறியை நிறுத்தினார். கிட்டார் வயரை மாற்றினார். உறுமல் குறையவில்லை. பெட்டிக்கும் மைக் செட்டுக்கும் நடுவில் போன வயரை உருவினார். உடனே அமைதி. பெட்டி தனியாக நன்றாகப் பாடியது.

"அப்ப இந்தப் பெட்டிதான் ஒத்துவரல. அண்ணே, இந்தப் பிளக்குல மேல தடியா ஒரு பின் இருக்குல்ல, அதுதான் வில்லங்கம். எடுத்துட்டாச் சரியாப் போகும். எல்லா எடத்துலயும் இதத்தான் செய்றோம்" என்றார் செட்டுக்காரர்.

"அது எர்த் பின்னுல்ல, ஒண்ணும் ஆகாதா?" என்று மகள் கேட்டாள்.

"ஒரு பாட்டுக்கு என்னம்மா ஆகப்போகுது?"

கட்டிங் பிளையரால் திருகிப் பிடுங்கினார். வயரைத் திரும்பச் சொருகினார். உறுமல் இல்லை. பாட்டு மட்டும் தெரு வரைக்கும் சுத்தமாகக் கேட்டது. என் மனைவி அடுப்படி வாசலில் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் பூசை தொடங்கியது. எங்கள் பக்கத்து வழக்கம், பூசைக்கு முன் முற்றத்தையும் கூடத்தையும் கழுவி விடுவோம். காவடிக்கு முன்னால் நிற்கிறவர்கள் தலைக்குக் குளித்து, ஈரத்துணியோடு வெறுங்காலில் வர வேண்டும். மகளும் அப்படித்தான் வந்தாள். கழுவிய தரை காயவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டி, கம்பியில் கையை வைத்தாள். இரண்டு அடி வாசித்திருப்பாள். உடம்பு சிலிர்த்தது. இன்னும் இரண்டு அடி. கை நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"சாமி வருது. யாரும் தொடாதீக" என்றார் பெரியவர்.

சங்கு ஊதினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். நான் தலைக்கு மேல் கை குவித்தேன். குரல் போன தாய்க்காக முருகன் பிள்ளையிடம் வந்துவிட்டான் என்றே நம்பினேன். வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

என் மனைவி திருநீற்றுத் தட்டோடு போனாள். மகள் நெற்றியில் விரலை வைத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஒரு நொடி தன் விரலைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே போட்டுவிட்டு வாசல் பக்கம் ஓடினாள். ஓடும்போது வாயைத் திறந்து கத்தினாள். குலவையில் அந்தக் காற்று யாருக்குக் கேட்கும்? சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினாள்.

விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஒலிபெருக்கி ஊமையானது. குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. மகள் கிட்டாரோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி வந்த நேரத்துல கரண்ட நிப்பாட்டுனது யாரு?" என்றார் பெரியவர்.

அத்தனை பேரும் வாய் மூடியிருந்ததால் என் மனைவியின் குரல் அன்றைக்குக் கூடம் முழுவதும் கேட்டது. "நான்தான். இது சாமி இல்லீக. ஈரக் கையோட கிரைண்டரத் தொட்டா சுர்ருன்னு ஏறும்ல, அதுதான் இது."

மகள் மெல்ல, "ஆமாப்பா. விடணும்னு நெனச்சேன். எல்லாரும் சாமின்னாக. எனக்கே சாமியோன்னு தோணிருச்சு" என்றாள்.

செட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை எடுத்தார். கிட்டார் பெட்டிக்குப் போன வயரை உருவிவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மெயினைப் போட்டு மைக் செட்டின் இரும்பில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது. கரண்ட் கசிந்துகொண்டிருந்தது அவருடைய செட்டில். அதற்கு எர்த்தே கிடையாது, பிளக் இல்லாமல் இரண்டு வயரை மட்டும் சாக்கெட்டில் நேராகச் சொருகியிருந்தார். கசிந்த கரண்ட் நடு வயர் வழியாகக் கிட்டார் பெட்டிக்குப் போய், அந்தத் தடித்த பின் வழியாக மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அது போகிற சத்தம்தான் உறுமல். பின்னைப் பிடுங்கியதும் அது போக வழியில்லாமல் நின்றது. மத்தியானம் காய்ந்த தரையில் அது தெரியவில்லை. கம்பியைத் தொட்டு ஈரக் காலோடு நின்ற என் பிள்ளை பூசையில் அதற்கு வழியாகிவிட்டாள்.

செட்டை ஓரம் கட்டினோம். அடுத்த தெருக் கடையிலிருந்து புதுப் பிளக் வாங்கி மாட்டினார்கள். மகள் துணி மாற்றி, காய்ந்த மரப்பலகையில் ஏறி நின்றாள். செருப்புப் போடவில்லை, ஈரமும் இல்லை. பலகையைப் பெரியவரே தூக்கி வந்தார். தெருவுக்குக் கேட்கவில்லை, கூடத்துக்கு மட்டும் கேட்டது. என் மனைவி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டு முடிகிற வரைக்கும் உதடு அசைத்தாள்.

நடக்கப் போனவர்கள் பழனியிலிருந்து திரும்பியபோது கதை வேறாகிவிட்டது. சாமி வந்த வேகத்தில் ஊருக்கே கரண்ட் போய்விட்டதாம். ஒக்கூரிலிருந்து ஒருவர் கடைக்கே வந்து, பிள்ளையிடம் திருநீறு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை. போன மாசம் நாட்டரசன்கோட்டைப் பக்கம் ஒரு விசேஷத்தில், பின் பிடுங்கிய பிளக்கைப் பார்த்தேன். ஒரு பிள்ளை ஈரத்துணியோடு மைக்கைப் பிடித்திருந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முருகன் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. கிரைண்டரில் பட்ட சுர்ரை அந்த நொடியில் அவள் விரலுக்கு நினைவூட்டியவன் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என் மனதுக்குள் இருக்கட்டும். இதைப் படிக்கிறவர்கள் பஜனை வைக்கிற வீடுகளில், கோயில்களில் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். பிடுங்கிய பின், ஈரத்தரை, கிரைண்டர், அவள் இறக்கிய மெயின் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்.