கரண்டி அக்காவின் பூஞ்சை

கரண்டி அக்காவைப் பிடிக்காதவள் எங்கள் ஆய்வகத்தில் ஒருத்திதான். அது நான். கண்ணாடிக் குழாய் கழுவ வந்தவர், இருபத்திரண்டு வருடத்தில் மண்பூஞ்சைப் பிரிவையே கையில் வைத்திருந்தார். கைப்பையில் எப்போதும் ஒரு கரண்டி. தம்பி மகளைப் பள்ளியில் விடப் போனாலும் விளையாட்டுத் திடலிலிருந்து ஒரு கரண்டி மண்ணோடுதான் வருவார். பட்டம் வாங்கியவள் நான். ஆய்வகத் தலைவி டாக்டரம்மா சந்தேகம் கேட்பது மட்டும் அவரிடம். வயிறு எரியாதா?

ஈரமண்ணைத் தட்டில் பரப்பி, மேலே முடியைத் தூவி வைப்பது எங்கள் வேலை. மனிதரைத் தொற்றும் பூஞ்சை மண்ணில் இருந்தால் அந்த முடியில் வெள்ளையாகப் படரும். தூவும் முடியை முதலில் ஆட்டோகிளேவில், அதாவது கிருமி கொல்லும் நீராவிக் கலனில், வேகவைத்தாக வேண்டும்.

அந்த வருடம் இந்தப் பூஞ்சைகளின் வகைப்பாட்டையே திருத்தினார்கள். உருவத்தைப் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் மரபணுவைப் பார்த்துப் பிரித்தார்கள். புது இனம் கிடைத்தால் கண்டெடுத்தவர் பெயரையே வைப்பேன் என்றார் டாக்டரம்மா. அக்காவின் தட்டில் ஏற்கெனவே ஏதோ புதிதாக முளைத்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆட்டோகிளேவில் அக்காவின் தட்டுகளுக்கான முடி வெந்துகொண்டிருந்தது. அவருக்காக நான் காத்துக் கிடப்பதா? என் தலையிலிருந்தே ஒரு கொத்தை வெட்டி, வேகவைக்காமல் அப்படியே என் தட்டில் தூவினேன். இரண்டே வாரத்தில் படர்ந்தது, எங்கள் மண்பூஞ்சைப் புத்தகத்தில் இருந்த எந்தப் படத்தோடும் ஒட்டாத ஒன்று! இனத்தின் பெயராக என் பெயரை எழுதிக்கூடப் பார்த்தேன்.

இரண்டு மாதிரிகளும் மரபணுச் சோதனைக்குப் போயின. அக்காவுடையது புது இனம். என்னுடையது மனிதத் தலையில் மட்டுமே வாழும் பழைய பூஞ்சை.

"மண்ணுல இது எப்படி வந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

அக்கா என் தலையை ஒரு பார்வை பார்த்தார். "ஏதோ கலந்துருச்சு மேடம். தட்டைக் கழிச்சிடலாம்."

அப்புறம் குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"உச்சியில வட்டமா முடி கொட்டியிருக்குடி. ஒரு வாரமா பாக்குறேன். நீதான் எனக்கு முகம் குடுத்தே பேச மாட்டேங்கிறியே. களிம்பு போதாது, மாத்திரை சாப்பிடணும். நாளைக்கு நான் கூட வரேன்."

தலை ஆறிவிட்டது. திருத்திய பட்டியலில் அக்காவின் பெயர் இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்திருப்பேன். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிகிறது.