லிந்துலை பஸ்ஸில் மாட்டிக்கொண்ட சிரிப்பு

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூன் மாதம். பல் மருத்துவம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு இலங்கை மலையகத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக, ஹட்டனில் லிந்துலை பஸ் ஏறினேன். வெளியே விடாத மழை.

பக்கத்து சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். பத்தே நிமிஷத்தில் சிநேகமாகிவிட்டார். பின் சீட்டில் இருந்த புருஷனைக் காட்டி, "இவரு போன மாசம் கல்யாணத்துக்குன்னு போயி, வேற யாரோ வீட்டுக் கல்யாணத்துல ரெண்டு பந்தி சாப்புட்டு வந்துட்டாரு புள்ள!" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம்தான் அவர் கண்ணைப் பார்த்தேன். மிரண்டு போயிருந்தது. கீழ்த்தாடை முன்னால் தள்ளி நிற்க, எச்சில் வழிய, "ஆ... ஆ..." என்று சத்தம் மட்டும் வந்தது.

"ஐயோ, வாதம் அடிச்சிருச்சு!" என்று புருஷன் கத்தினார். பஸ்ஸே எழுந்து நின்றது. கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டால் சரியாகும் என்று ஒருவர் கையை வேறு ஓங்கிவிட்டார்.

"அடிக்காதீங்க!" என்று குறுக்கே பாய்ந்தேன். "அக்கா, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். தூக்கினார். முகமும் ஒரு பக்கம் கோணவில்லை. இது வாதமில்லை, தாடை மூட்டு விலகியிருக்கிறது! வாய், தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில் இதைச் சரிசெய்வதைப் பக்கத்தில் நின்று இரண்டு தடவை பார்த்திருந்தேன். பார்த்ததோடு சரி.

ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லலாம் என்று எழுந்தால், பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே மரம். பின்னால் வாகன வரிசை. போனில் சிக்னலும் இல்லை. நேரம் போகப் போகத் தசை இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

"நான் பல் டாக்டருக்குப் படிக்கிறேன். மூட்டத் திருப்பிப் போட்டுப் பாக்கட்டுமா அக்கா?"

"பல்லுக்குப் படிக்கிற புள்ளைக்குத் தாடையில என்ன வேல?" என்று யாரோ கேட்டார்கள். அக்கா மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்துத் தலையை ஆட்டினார்.

பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவி, கட்டைவிரல்களில் கைக்குட்டையைச் சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்கள் மேல் வைத்து அழுத்தினேன். அசையவில்லை. அக்கா கண்ணில் நீர் வழிந்தது. தப்பு என்னுடையதுதான்! சீட்டில் அவர் எனக்குச் சமமான உயரத்தில் இருந்தார், தலைக்குப் பிடிமானமும் இல்லை. எங்கிருந்து என் கைக்குப் பலம் வரும்?

அக்காவைப் பஸ் தரையில் உட்கார வைத்தேன். சிங்களக் கொண்டக்டர் தானாகவே முன்வந்து தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "மூச்ச மெதுவா விடுங்கக்கா. தாடைய என் கையில விட்டுருங்க." கீழே அழுத்தினேன், அப்படியே பின்னால் தள்ளினேன்.

டக்!

வாய் மூடிக்கொண்டது. என் விரல் உள்ளே மாட்டிக் கடிபட்டது. வலியாவது ஒன்றாவது! பஸ் முழுக்கக் கைதட்டல், டிரைவர் ஹோர்ன் அடித்தே கொண்டாடினார். புருஷனுடைய மப்ளரால் தாடையைச் சேர்த்துக் கட்டினேன். கட்டு முடிவதற்குள் அக்கா பல்லிடுக்கில், "மாப்பிள்ளையோட போட்டோவும் எடுத்திருக்காரு புள்ள..." என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார். "பேசாத தாயி, பேசாத" என்று புருஷன் அழுதுகொண்டே சிரித்தார்.

மரத்தை அகற்றியதும் பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் போனது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "மூட்டு சரியா உக்காந்திருக்கு. யாரு போட்டது?" என்று கேட்டார். கடிபட்ட விரலைத் தூக்கிக் காட்டினேன்!

அதுவரை சின்னதாக ஒரு கிளினிக் திறந்து, பல்லடைத்து நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தாடை அறுவை சிகிச்சை என்றால் ரத்தம், எலும்பு என்று ஒதுங்கி ஓடுவேன். இன்றைக்கு அதே பிரிவில்தான் வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். மலையில் விழுந்து தாடை உடைந்தவர்கள், வெற்றிலையால் வாய்ப்புற்று வந்தவர்கள், அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைகள் என்று தினமும் வருகிறார்கள். ஒரு மனிதர் வலியில்லாமல் ஒரு வாய் சோறு சாப்பிடுவதற்குக்கூட என் கை உதவும் என்ற நினைப்பு, ஒவ்வொரு காலையும் என்னை ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வைக்கிறது.